பதினொரு மணி மாத்திரை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் மருத்துவ அறையில், ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவைச் சேர்ந்த பானுப்ரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. வயது இருபத்து நான்கு. எடை நாற்பத்து மூன்று கிலோ. ஹீமோகுளோபின் 8.1. கிடங்கில் சரக்குகளைப் பதிவு செய்யும் வேலைக்கு அந்த நிறுவனம் வகுத்திருந்த குறைந்த அளவு 10. எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் அவள் தேறியிருந்தாள். ஆகவே உடனடியாக மறுக்காமல் ஆறு வாரத் தவணை கொடுத்து, அக்டோபர் இருபத்தொன்றாம் நாள் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அன்றும் அளவு எட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்த இடம் போய்விடும்.

பானுப்ரியா பி.காம். படித்தவள். படிப்பு முடிந்த மூன்று ஆண்டுகளாக, ஏரிக்கரையில் உள்ள கூடத்தில் மற்றப் பத்துப் பெண்களோடு இறால் தலை கிள்ளி ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் நுனிகளில் தோல் நிலையாக இருந்ததில்லை. அந்த நிறுவனத்துக்குப் போன நாளில், இரண்டாம் மாடிக்கு ஏறும்போது பாதிப் படிக்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு அறிந்தேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தோணிரேவிலேயே குடியிருக்கிறேன். செப்டம்பர் பதினோராம் நாள், எங்கள் பகுதியின் மருத்துவரான வித்யா என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குச் சென்றார். பானுப்ரியாவை மட்டும் பார்ப்பதாக இருந்தது. ஆனால் உள்ளே நுழைந்தவுடன் அவர் நின்றுவிட்டார். பெண்கள் வரிசையாகச் சிறு பலகைகளில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் இறால் குவியல். அதன்மேல் உடைத்த ஐஸ். கைகள் உரித்துக்கொண்டிருக்க, ஏறக்குறைய எல்லா வாய்களும் ஐஸை மென்றுகொண்டிருந்தன.

"எப்பவும் இப்படித்தானா?" என்று வித்யா கேட்டார்.

"பொழுதன்னிக்கும் இதே வேலைதான் டாக்டரம்மா," என்றாள் கூடத்தின் மூத்தவளான கஸ்தூரியம்மாள். "மென்னாத்தான் வேலை ஓடுது. மொதலாளி இறாலுக்கு ஐஸ் வாங்குறாரா, எங்களுக்கு வாங்குறாரான்னு அவருக்கே தெரியாது."

அந்த அழுக்கு ஐஸைத் தின்னாதீர்கள் என்று நானே பல முறை கண்டித்திருக்கிறேன். கண்டித்ததோடு சரி. உடலில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்குச் சில நேரங்களில் ஐஸ், பச்சரிசி, மண் போன்றவற்றின்மீது அடக்க முடியாத ஆசை எழும் என்பதைப் படித்திருந்தும், கண்முன் இருந்ததை அதனோடு இணைத்துப் பார்க்கவில்லை. வித்யா இணைத்துப் பார்த்தார். பதினொரு பேருக்கும் அன்றே விரல் குத்திப் பார்த்தோம். ஒன்பது பேருக்கு அளவு பத்துக்குக் கீழே இருந்தது.

மருத்துவர் அவர்களுக்குப் புரியும்படியாகச் சொன்னார். நாம் இழுக்கும் மூச்சை இரத்தம்தான் கைக்கும் காலுக்கும் மூளைக்கும் சுமந்து செல்கிறது. அந்தச் சுமையைத் தாங்குவது இரும்பு. இரும்பு குறைந்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் களைப்பு, தலைசுற்றல், படியேற முடியாமை. மாத்திரை தரப்பட்டது. அதே வாரம், ஏரியைவிட்டு உள்ளே தள்ளி நெல் பயிரிடும் ஒரு கிராமத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் அதே மாத்திரை தரப்பட்டது. இரண்டு இடங்களையும் கண்காணிக்கும் பொறுப்பை வித்யா என்னிடம் ஒப்படைத்தார்.

நான் மூன்று விதிகளைச் சொன்னேன். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. ஒரு நாளும் மறக்கக் கூடாது. கூடத்தில் உரிக்காமல் கணக்கெடுப்பையும் தேநீரையும் பார்த்துக்கொள்பவள் சாந்தி. மாத்திரைகளை அவளிடம் கொடுத்தேன். வாரந்தோறும் சனிக்கிழமை மாலை, வேலை முடிந்த பிறகு சென்று, காலியான அட்டைகளை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இத்தனை ஒழுங்கை என் பணிக்காலத்தில் எந்தக் கிராமத்திலும் கண்டதில்லை என்று சாந்தியிடம் சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்டோபர் ஏழாம் நாள் இரு இடங்களிலும் மறுபடி விரல் குத்திப் பார்த்தோம். நெல் கிராமத்துப் பெண்களுக்குச் சராசரியாக 1.0 ஏறியிருந்தது. கூடத்துப் பெண்களுக்கு ஏறவில்லை. பானுப்ரியாவுக்கு 8.2.

மாத்திரை ஒன்றே, நாள்களின் எண்ணிக்கையும் ஒன்றே, அங்கே ஏறுகிறது, இங்கே ஏறவில்லை. எனவே வேறுபாடு மனிதர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். அன்று மாலையே பானுப்ரியாவின் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய தந்தை செங்கல்வராயன் வாசலில் வலையைப் பிரித்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியில் எந்த நாளில் எவர் வலை போடுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். அன்று அவருக்குப் பாடு இல்லை. துறைமுகத்தை எதிர்த்து நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் முன் வரிசையில் உட்கார்ந்தவர் அவர். மகள் அந்தப் பக்கத்துக்கே வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

"மாத்திரையை என்ன செய்தாய்?" என்று பானுப்ரியாவிடம் கேட்டேன்.

"துண்ணேன் நர்சம்மா."

"தின்றிருந்தால் ஏறியிருக்கும்."

"நீங்கதானே அட்டையை எண்ணிப் பார்த்தீங்க."

"அட்டை காலியானதைத்தான் எண்ணினேன். மாத்திரை எங்கே போனது என்று எண்ண முடியாது. கூடத்துக்குப் பின்னாலேயே ஏரி இருக்கிறது."

அவள் முகம் மாறியது. செங்கல்வராயன் வலையைக் கீழே வைத்தார்.

"நர்சம்மா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. அந்த வேலை இதுக்கு வாணாம்னு மொதல்ல சொன்னவன் நானு. ரத்தம் ஏறலன்னா எனக்கு நஷ்டம் இல்லே. ஆனா எம்பொண்ணு துண்ணேன்னு சொன்னா, துண்ணுச்சு. பொய் சொல்ற பழக்கம் எங்க வூட்ல இல்லே."

"நைனா, உடு," என்றாள் பானுப்ரியா.

"இன்னாத்துக்கு உடணும்? நீ ஏரில கொட்டிட்டன்னு சொல்றாங்க. ஏரி மேல ஏற்கெனவே எல்லாரும் கொட்டுறது பத்தாதா?"

நான் வீடு திரும்பினேன். அவர்கள் பேசியது எனக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. அந்த வேலையை எல்லாரையும்விட அதிகமாக விரும்பியவள் அவள். தனக்கு வேண்டியதைத் தானே ஏரியில் கொட்டுவதற்கு அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. இந்த எளிய கேள்வியை அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே என்னை நான் கேட்டிருக்க வேண்டும்.

இரும்பு மாத்திரை உண்மையாகவே வயிற்றுக்குள் போகிறதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. செவிலியர் அனைவரும் அறிந்த வழி அது: மாத்திரை உள்ளே போனால் மலம் கறுக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருக்குழாயடியில் பானுப்ரியாவும் கஸ்தூரியம்மாளும் குடத்தோடு நின்றிருந்தார்கள். அருகில் சென்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"வெளியே போகும்போது என்ன நிறத்தில் போகிறது?"

பானுப்ரியா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரி மாதிரி கறுப்பா. மாத்திரை ஆரம்பிச்சதுலேந்து. பயமா இருந்துச்சு. உங்களாண்ட கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றாள்.

"அதுக்கு மட்டுமா? ஷெட்டு மொத்தத்துக்கும் அப்படித்தான்," என்றாள் கஸ்தூரியம்மாள். "எல்லாத்தையும் ஒண்ணா சேத்தா பொன்னேரி வரைக்கும் தார் ரோடு போட்டுடலாம்."

பானுப்ரியா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாத்திரை உள்ளே போயிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. எவருமே பொய் சொல்லவில்லை. உள்ளே போன இரும்பு இரத்தத்தில் சேராமல் வந்த வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு இன்னும் பதின்மூன்று நாள்களே இருந்தன.

"மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கரெக்டா பதினோரு மணிக்கு. சாந்தியக்கா குடுப்பாங்க."

அன்று பத்தே முக்கால் மணிக்குக் கூடத்துக்குச் சென்று ஓர் ஓரத்தில் நின்றேன். அந்த வேளையில் நான் அங்கே போனது அதுவே முதல் முறை. பதினொரு மணிக்குச் சாந்தி பெரிய பிளாஸ்க்கையும் ஒரு பை நிறையப் பன்னையும் கொண்டுவந்தாள். பெண்களின் கைகள் முழங்கைவரை இறால் சாற்றில் ஊறியிருந்தன. அந்தக் கையால் மாத்திரையைத் தொட முடியாது. கழுவிவிட்டு வந்தால் குவியலில் இடம் போய்விடும். ஆகவே கூடத்தில் உலர்ந்த கை உள்ளவள் மற்றவர்களுக்கு ஊட்டிவிடுவது அங்கே வெகு நாளைய வழக்கம். சாந்தி வரிசையின் தொடக்கத்திலிருந்து வந்தாள். ஒருத்தி வாயைத் திறந்தாள். சாந்தி பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து வைத்தாள். பிறகு மாத்திரையை நாக்கில் வைத்தாள். உடனே டம்ளரை உதட்டில் சாய்த்தாள். டம்ளரில் இருந்தது கடுஞ்சாயத் தேநீர். அடுத்தவள் வாயைத் திறந்தாள். ஐந்து நிமிடத்தில் பதினொரு பேரும் முடிந்தார்கள். ஒருத்தியைக்கூட அவள் விடவில்லை.

"சாந்தி, தண்ணீர் கொடுப்பதில்லையா?" என்று கேட்டேன்.

"ஷெட்டுக் கொழாயில வர்றது உப்புத் தண்ணி நர்சம்மா. அத்தோட மாத்திரை போட்டா கொமட்டிக்கினு வருது. மொத நாளு ரெண்டு பேரு வாந்தி எடுத்துட்டாங்க. டீயில போட்டா உப்புக் கரிப்பு தெரியாது."

"இந்த ஏற்பாட்டை யார் செய்தது?"

சாந்தி என்னை வியப்போடு பார்த்தாள். "நீங்கதான். ஒரே நேரம், வெறும் வயித்துல கூடாது, மறக்கக் கூடாதுன்னு மூணு சொன்னீங்க. மூணும் ஒண்ணா அமையிறது டீ நேரந்தான்னு நான் வச்சேன். டீயை எவளும் மறக்க மாட்டா. இன்னா, தப்பா?"

தேநீரில் உள்ள துவர்ப்பு, வயிற்றில் இருக்கும் இரும்பைப் பற்றிக்கொள்ளும். உடல் அதை எடுத்துக்கொள்ளவிடாது. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது, இயன்றால் இரண்டு மணி நேரம், இடைவெளி வேண்டும். இதை நான் நேற்றுப் படித்தறிந்ததில்லை. கர்ப்பிணிகளுக்கான கூட்டங்களில் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். நெல் கிராமத்துப் பெண்கள் இரவு உணவுக்குப் பிறகு கிணற்று நீரில் விழுங்கினார்கள். அங்கே நான் சொல்லாமலே சரியாக நடந்தது. கூடத்தில் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. நேரத்தை விதியாக வைத்தவள், எதைக் குடித்து என்று கேட்கவில்லை. அட்டைகளை மாலையில் எண்ணியதற்குப் பதிலாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதினொரு மணிக்கு வந்து நின்றிருந்தால் போதும். இருபத்தாறு நாள்கள் வீணாகியிருக்க மாட்டா.

அதை அங்கேயே எல்லாரும் கேட்கச் சொன்னேன். தவறு சாந்தியுடையது அன்று, என்னுடையது என்றும் சொன்னேன். பிறகு பானுப்ரியாவின் பலகைக்கு முன்னால் போய் நின்று, "நேற்று நான் சொன்னது தவறு. உன் வீட்டு வாசலில் சொன்னதை இங்கே எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெறுகிறேன்," என்றேன்.

அவள் இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள். "பரவாயில்ல நர்சம்மா," என்றாள். அடுத்த இறாலை எடுத்துக்கொண்டு, "ஆனா நாளு போயிடுச்சே," என்றாள்.

நான் வெளியே வந்து வித்யாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அன்றே நேரம் மாற்றப்பட்டது. தேநீர் பத்து மணிக்கு. மாத்திரை பன்னிரண்டரைக்கு, ஒரு துண்டுப் பன் தின்ற பிறகு, வீட்டிலிருந்து புட்டியில் கொண்டுவரும் கேன் தண்ணீரில், சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து. புளிப்பு இரும்பை உள்ளே சேர்க்க உதவும் என்றார் வித்யா. மாத்திரை மட்டும் போதாது, இலையில் என்ன விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பானுப்ரியாவின் வீட்டுக்கும் வந்தார். அங்கே ஒரு கூடையில் பீட்ரூட்டும் மாதுளையும் இருந்தன. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகும் என்று நம்பி அவளுடைய அம்மா பொன்னேரியிலிருந்து வாங்கி வந்திருந்தார்.

"தின்னட்டும், கெடுதல் இல்லை," என்றார் வித்யா. "ஆனால் இரும்பு நிறத்தில் இல்லை. மீன் யார் சாப்பிடுகிறார்கள்?"

பெரிய மீன் ஏலத்துக்குப் போகிறது. வீட்டில் மிஞ்சுவதில் முதல் துண்டு ஆண்களுக்கு. மூன்று மணிக்குக் கூடத்திலிருந்து திரும்பும் பானுப்ரியாவுக்குச் சோறும் குழம்பின் அடியும் இருக்கும். அம்மா இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏரிச் சேற்றில் மட்டிச் சிப்பி கிடைக்குமே," என்றார் வித்யா. "மீனைவிட அதில் இரும்பு மிகவும் அதிகம்."

"மட்டியா?" செங்கல்வராயன் நிமிர்ந்தார். "அத்த சுண்ணாம்புக்குத்தான் குடுப்போம். எங்க ஜனத்துல யாரும் துண்றதில்ல டாக்டரம்மா. சிரிப்பாங்க."

"சிரித்தால் இரத்தம் ஏறாதா?"

அவர் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் இடுப்பளவு நீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த அவரைப் பார்த்ததாகக் கஸ்தூரியம்மாள் சொன்னாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் வாத்துக்கு என்றாராம். அவர் வீட்டில் வாத்து இல்லை. பாடு இல்லாத நாள்களிலெல்லாம் அவர் மட்டி கொண்டுவந்தார். வெங்காயம் போட்டு வதக்கிய அதன் சதையையும், நெல் கிராமத்திலிருந்து நான் வாங்கிவந்த முருங்கைக் கீரையையும் பானுப்ரியா முதல் பந்தியில் அமர்ந்து உண்டாள். முறை மாறிய பத்தாம் நாள், வேலை நடுவில் ஐஸைக் கையில் எடுத்தவள் அதை அப்படியே குவியலில் போட்டுவிட்டாள். தின்னத் தோன்றவில்லை என்றாள்.

அக்டோபர் இருபத்தொன்றாம் நாள் அளவு 8.9. பதின்மூன்று நாளில் அதற்குமேல் ஏறுவது கடினம்.

அவள் திரும்பி வந்து அந்தத் தாளை என்னிடம் காட்டினாள். "வியாழக்கிழமை அடுத்த பேரைக் கூப்புடுவாங்களாம்," என்றாள். அழவில்லை. "சும்மா தகவலுக்குச் சொன்னேன் நர்சம்மா. மாத்திரையை நிறுத்த மாட்டேன்."

நான் அன்று பிற்பகல் ஒரு கடிதம் எழுதினேன். முதல் பரிசோதனை நடந்த நாள், மாத்திரை தொடங்கிய நாள், ஏழாம் தேதி அளவு, தேநீரோடு கொடுக்கப்பட்ட நாள்களின் எண்ணிக்கை, திருத்திய நாள், இன்றைய அளவு ஆகியவற்றை வரிசையாகக் குறித்தேன். இறுதியில் இவ்வாறு எழுதினேன்: "இருபத்தாறு நாள்கள் பயனற்றுப் போனதற்குக் காரணம், கண்காணிப்புப் பொறுப்பில் இருந்த நான் கொடுத்த அறிவுரை முழுமையற்றதாக இருந்ததே. பெண்ணின் மீது தவறு இல்லை. திருத்தப்பட்ட முறையில் அவளுக்கு முழுத் தவணை கிடைக்கவில்லை. அதை அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்திட்டு, என் பழைய பதவியையும் எழுதினேன்.

மறுநாள் பேருந்தில் சென்று அந்த நிறுவனத்தின் மருத்துவரிடம் நேரில் கொடுத்தேன். விஜயராகவன் என்பது அவர் பெயர். இரண்டு முறை படித்தார்.

"தப்பு உங்களுடையதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இதை நான் ஃபைல்ல வைக்கணும். பரவாயில்லையா?"

"வைப்பதற்குத்தான் எழுதினேன்."

"தகுதி அளவை நான் குறைக்க முடியாதும்மா."

"குறைக்கச் சொல்லவில்லை. நாள்களைத்தான் கேட்கிறேன்."

அவர் எண்களை மீண்டும் பார்த்தார். முதல் இருபத்தாறு நாளில் 0.1, அடுத்த பதின்மூன்று நாளில் 0.7. அந்த இரண்டு எண்களின் கீழே பேனாவால் கோடிட்டார். மேலிடத்தில் பேசிவிட்டு மாலைக்குள் சொல்வதாகக் கூறி என்னை அனுப்பினார்.

மாலை நான்கரை மணிக்குப் பானுப்ரியாவுக்குத் தொலைபேசி வந்தது. நிறுவனம் எடுத்த முடிவு இது: இடம் அவளுக்காக நிறுத்திவைக்கப்படும், நவம்பர் இருபத்தைந்தாம் நாள் இறுதிப் பரிசோதனை, அதற்குப் பிறகு தவணை இல்லை. அந்த இறுதிப் பரிசோதனையில் அளவு 10.4 இருந்தது. டிசம்பர் இரண்டாம் நாள், திங்கட்கிழமை, அவள் பணியில் சேர்ந்தாள். துறைமுகத்தைப் பற்றிய தம் கருத்தைச் செங்கல்வராயன் மாற்றிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போவதைத் தடுக்கவும் இல்லை. கூடத்தில் தேநீர் பத்து மணிக்கும் மாத்திரை பன்னிரண்டரை மணிக்கும் தொடர்வதென்றும், குடிநீர்க் கேன் ஒன்றைப் பெண்கள் முறை வைத்துக் கொண்டுவருவதென்றும், மாத்திரைப் பொறுப்பு முழுவதும் சாந்தியிடம் இருப்பதென்றும் முடிவாயிற்று. நான் இனி அட்டைகளை எண்ணுவதில்லை. மாதம் ஒரு முறை, மாத்திரை போடும் நேரத்தில் சென்று பார்ப்பேன்.